விழுங்கியதெல்லாம் உடலில் சேர்ந்துவிடாது

இந்த மாதத்தில் இவர் மூன்றாமவர். அறுபது வயதைக் கடந்தவர், பையிலிருந்து நான்கு வைட்டமின் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, "ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை டாக்டர், ஆனாலும் பாதம் மரத்துப்போகிறது" என்றார். இசைக்கவையைத் தட்டி அவருடைய கால் பெருவிரலில் வைத்தபோது, அதன் அதிர்வை அவர் உணரவேயில்லை. இரத்தப் பரிசோதனையில், நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் பல ஆண்டுகளாகச் சாப்பிடுவதைப் புறப்படும்போதுதான் சொன்னார். அவை இரண்டுமே பி12 சேர்வதைக் குறைக்கக்கூடியவை.

உணவிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கும். இரைப்பை அமிலம் அதைப் பிரித்துவிட, இரைப்பைச் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபாக்டர் என்ற புரதம் சிறுகுடலில் அதைப் பற்றிக்கொள்ள, சிறுகுடலின் கடைசிப் பகுதிச் செல்கள் மட்டுமே அந்த இணையை அடையாளம் கண்டு உள்ளே எடுக்கின்றன. இரத்தத்திலும் அது தனியே போவதில்லை. டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதம்தான் அதைத் திசுக்களுக்குச் சுமந்து செல்கிறது. இந்த வழியாக ஒரு வேளைக்குச் சேர்வது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதற்கு மேல் விழுங்குவதில் சுமார் 1 சதவீதம் மட்டுமே தானாகக் கசிந்து நுழையும். நாங்கள் 1000 மைக்ரோகிராம் மாத்திரை எழுதுவது தாராளத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

"அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய தலைவலி. வைட்டமின் சி-யைக் கடத்தும் புரதங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே வேளையில் 1000 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் பாதிக்கும் குறைவாகவே குடல் ஏற்கிறது, ஏற்றதிலும் ஒரு பகுதி ஆக்ஸலேட் என்ற கழிவுப் பொருளாக மாறிச் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கலாம். ஏ, டி, ஈ, கே ஆகியவற்றுக்கு இந்தச் சமாதானம் அறவே பொருந்தாது. அவை பித்தநீரின் உதவியோடு கொழுப்புடன் கலந்து, நிணநீர் வழியாக இரத்தத்தை அடைகின்றன. மிகுந்த ஏ கல்லீரலிலும், மிகுந்த டி கொழுப்புத் திசுவிலும் தங்குகின்றன. வாரத்துக்கு ஒன்று என எழுதிய 60,000 அலகு டி-யை நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டுக் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீரில் கரையும் பி6 கூட, மிகை அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரக்கச் செய்யும். மரத்துப்போகிறது என்று பி-காம்ப்ளெக்ஸை இரட்டிப்பாக்குகிறவர்களே, தயவுசெய்து டப்பாவில் பி6 அளவைப் படியுங்கள்.

மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், இரைப்பையிலோ சிறுகுடலின் முடிவிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் பி12 பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் எடுத்தால் இரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் தொடரும். இவருடைய நான்கு டப்பாக்களில் ஒன்று அதுதான். மரத்துப்போகத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர் யாரிடமும் காட்டவில்லை. வைட்டமின்தான் சாப்பிடுகிறோமே என்று இருந்துவிட்டாராம்.