கிணறு உப்புக் கரிக்கும் முன்பே

எல் நினோ என்றதும் நமக்கு வறட்சிதான் நினைவுக்கு வரும். பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் கிரிபட்டி நாட்டின் தராவா தீவில் கதை தலைகீழ். எல் நினோ வந்தால் வெதுவெதுப்பான கடல்நீர் கிழக்கே நகரும், மழை மேகமும் கூடவே வந்து கொட்டும். அதற்கு நேர் எதிரான லா நினா வந்தால் அந்தச் சூடு இந்தோனேசியா பக்கம் ஒதுங்கிவிடும். தராவா மாதக்கணக்கில் காயும். 2020-இல் தொடங்கி 2023 தொடக்கம் வரை லா நினா அடுத்தடுத்து வந்தது. நடுவில், 2022 ஜூனில், வறட்சியால் அங்கே பேரிடர் நிலையே அறிவித்தார்கள்.

இந்தப் பகுதிக்கான பருவ மழைக் கணிப்பில் வேலை செய்கிற எனக்குப் பெரிய கவலை, அந்த அறிக்கையை மக்கள் படிக்கும் விதம்தான். 'மழை இயல்பை விடக் குறைய வாய்ப்பு 60 சதவீதம்' என்று போட்டால், "மீதி 40 இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். முந்தைய ஆண்டுகளின் மழையைக் குறைவு, இயல்பு, அதிகம் எனச் சமமான மூன்று பங்காகப் பிரிப்பதால், எந்தத் தகவலும் இல்லாத நிலையிலேயே ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம் உண்டு. அது 60 ஆகிறது என்றால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம், இது மூன்று மாத மொத்த மழைக்கான கணக்கு. எந்த வாரம் பெய்யும் என்று இதில் தேடக்கூடாது.

தராவாவில் ஆறு கிடையாது, மலையும் கிடையாது. பவளமணலுக்குள் ஊறிய மழைநீர், உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. தெற்குத் தராவாவின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி பொன்ரிகி என்ற இடத்தில் உள்ள அப்படி ஒரு படலத்திலிருந்துதான் வருகிறது. மழை பொய்த்தால் படலம் மெலியும், கிணறு கரிக்கும். உடனே ஆழப்படுத்தத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊர்ப் பாறைக் கிணறு மாதிரி அங்கே கீழே ஊற்று கிடைக்காது, கடல்தான் இருக்கிறது. வேகமாக இறைத்தாலும் உப்பு மேலேறும். கொஞ்சம் கொஞ்சமாக, பல இடங்களிலிருந்து, மேலாக இறைக்க வேண்டும்.

கரித்த கிணறு நாலு மழையில் சரியாகிவிடாது, மாதங்கள் ஆகும். ஆகவே வறட்சிக் கணிப்பு வந்த வாரமே தொடங்குங்கள். கூரை விளிம்புத் தகரத்தில் அடைத்திருக்கும் தாழை இலைகளை அள்ளுங்கள், தொட்டியின் கசிவை அடையுங்கள், தொட்டித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். துவைக்கக் கிணற்றுநீர் போதும்.