சான்றிதழ் தருவதெல்லாம் வாய்ப்பு ஆகிவிடாது

போன மாதம் ஒரு அம்மாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். பெண் பத்தாம் வகுப்பு. பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். கடையில் விற்கிற சாதாரண நோட்டுதான். அட்டையில் மழையில் நனைந்த ஜன்னல் கம்பி, அதன் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காகம். "மிஸ், இது நான் ஏழாவது படிக்கும்போது வரைஞ்சது," என்றாள்.

அம்மாவின் செல்போனில் அசல் படத்தின் போட்டோ இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. காகத்தின் கழுத்துக்குக் கீழே நீலம் கொஞ்சம் வழிந்து, அதை அவள் துணியால் ஒற்றி எடுத்த தடம் அட்டையிலும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அசலில் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். அட்டை அளவுக்கு வெட்டியபோது அந்த மூலை போய்விட்டது.

மூன்று வருடத்துக்கு முன் இணையத்தில் அறிவித்த ஓர் ஓவியப் போட்டிக்கு அனுப்பிய படம் அது. முதலில் போட்டோ கேட்டார்கள். அப்புறம் "தேர்வாகிவிட்டது, அசலைத் தபாலில் அனுப்புங்கள்" என்றார்கள். "சிறப்புப் பங்கேற்பாளர்" என்று சான்றிதழ் வந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அசல் தாள் திரும்பி வரவில்லை. அந்தப் போட்டியின் விதிமுறைகளைத் தேடி எடுத்து மூவரும் உட்கார்ந்து படித்தோம். எட்டாவது விதியில் இருந்தது: அனுப்பப்படும் எல்லாப் படைப்புகளின் முழு உரிமையும் நடத்துபவர்களையே சேரும், அவற்றை எந்த வடிவிலும், எந்த நாட்டிலும், எவ்வளவு காலத்துக்கும், எந்தக் கட்டணமும் தராமல் பயன்படுத்தலாம், பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை. கவனியுங்கள், பரிசு வாங்கிய படங்கள் மட்டும் இல்லை. அனுப்பிய எல்லாமே. கீழே "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டது அம்மா.

இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். கிட்டத்தட்ட இருபது வருடமாக மாணவர்களின் ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். ஓவியம், சிற்பம் சொல்லித்தரும் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்கவும் உதவுகிறேன். அதனால் போட்டிகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல போட்டி ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பெற்றோர்கள் மனதில் ஒரு எண்ணம் கல்லாக உட்கார்ந்திருக்கிறது: "சான்றிதழ் சேரட்டும் மேடம், பிற்பாடு எதற்காவது உதவும்." எதற்கு உதவும்? இந்தக் கேள்வியை நான் கேட்காத வீடு இல்லை. யாரும் தெளிவாகப் பதில் சொன்னதில்லை. "காலேஜ் அட்மிஷனுக்கு" என்பார்கள். சரி, கலைக் கல்லூரி நேர்காணலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பையன் பிளாஸ்டிக் உறையில் போட்ட நாற்பது, ஐம்பது சான்றிதழ்களோடு வருகிறான். தேர்வாளர் அந்த ஃபைலை மரியாதையோடு வாங்கி ஓரமாக வைக்கிறார். "உன் ஸ்கெட்ச்புக்கைக் காட்டு" என்கிறார். இவனிடம் ஸ்கெட்ச்புக்கே இல்லை. வரைந்த படங்கள் எல்லாம் ஏதாவது ஒரு போட்டிக்குப் போய்த் திரும்பாமலே நின்றுவிட்டன. கையில் மிஞ்சியது சான்றிதழ்தான்.

படங்களின் தொகுப்பைப் பார்க்கும் பல கலைக் கல்லூரிகள் கேட்பது பத்திலிருந்து இருபது படைப்புகள். அவற்றோடு, யோசித்த தடம். முதலில் எப்படி வரைந்தாய், ஏன் அழித்தாய், இந்தக் கையை ஏன் மூன்று தடவை வரைந்திருக்கிறாய், நேரில் பார்த்து வரைந்ததா, போட்டோவைப் பார்த்தா. தப்பாக வந்த பக்கங்களைத்தான் தேர்வாளர்கள் அதிக நேரம் பார்ப்பார்கள். அங்கேதான் அந்தப் பிள்ளையின் கண் தெரியும். அச்சடித்த பெயரும் தங்க நிற முத்திரையும் உள்ள ஒரு தாளில் அது தெரியவே தெரியாது. உண்மையிலேயே கடினமான ஒரு போட்டியில் பரிசு வாங்கியிருந்தால் அதை ஒரு வரியில் எழுதினால் போதும். "பங்கேற்றார்" என்ற ஐம்பது சான்றிதழ்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: ஐம்பது இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நடுவர் மேசையிலிருந்து. ஒரு கூடத்தில் முந்நூறு படங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். முதல் சுற்றில் ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான். உலக உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள். பாதி பச்சை, பாதி பட்டுப்போன மரம். இரண்டு மலைக்கு நடுவே சூரியன். இவை ஒவ்வொரு போட்டியிலும் டஜன் கணக்கில் வரும். பெரியவர் கை பட்ட படமும் உடனே தெரியும். எட்டு வயதுப் பிள்ளையின் கோடு ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் தயங்கும். ஆசிரியர் திருத்திய படத்தில் ஆயில் பேஸ்டல் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்க்கப்பட்டு, மேலே கறுப்புக் கோடு நடுங்காமல் ஓடியிருக்கும். நாங்கள் அதைத் தள்ளி வைத்துவிடுவோம். பாவம், அந்தப் பிள்ளைக்குத் தன் படம் ஏன் தேறவில்லை என்று கடைசி வரை தெரியாது. தயவுசெய்து திருத்தாதீர்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

எழுதுகிற பிள்ளைகளுக்கு வலை வேறு மாதிரி. கவிதை அனுப்பிய இரண்டாம் நாளே "உங்கள் கவிதை தொகுப்புக்குத் தேர்வாகியுள்ளது" என்று கடிதம் வரும். பிள்ளை துள்ளிக் குதிக்கும். அப்புறம் அந்தத் தொகுப்பை நீங்களே விலை கொடுத்து வாங்க வேண்டும், பரிசளிப்பு விழாவுக்கு நுழைவுக் கட்டணம், கோப்பைக்குத் தனிக் கட்டணம். அனுப்பிய எல்லோரும் தேர்வாகியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை வாங்குவது அதில் எழுதியவர்களின் குடும்பங்கள் மட்டும்தான். ஒரு பதிப்பாசிரியர் கவிதையைப் படித்து, "மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் பார்" என்று திருப்பி அனுப்பினால் கொண்டாடுங்கள். யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கட்டணம் கேட்டாலே மோசடியா என்றால், இல்லை. அமெரிக்காவில் 1923-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஸ்கொலாஸ்டிக் கலை, எழுத்து விருதுகளுக்குக் கட்டணம் உண்டு. கட்ட வசதியில்லாத மாணவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. ஓவியர் ஆண்டி வார்ஹோலும் கவிஞர் சில்வியா பிளாத்தும் பள்ளி வயதில் அங்கே பரிசு வாங்கியவர்கள்தான். ராயல் காமன்வெல்த் சொசைட்டி 1883-லிருந்து நடத்தும் கட்டுரைப் போட்டிக்குக் கட்டணமே இல்லை. காமன்வெல்த் நாடுகளின் பிள்ளைகள் யாரும் எழுதலாம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் டெல்லியில் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி அடுத்த வருடமே பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. இவையெல்லாம் நிலைத்ததற்குக் காரணம், வந்த படைப்பை யாரோ உண்மையாகவே பார்க்கிறார்கள், படிக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். நடுவர்கள் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? போன வருடம் பரிசு வாங்கிய படங்களை எங்கேயாவது பார்க்க முடிகிறதா? எத்தனை பேருக்குப் பரிசு? எல்லோருக்கும் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த எட்டாவது விதிக்கு வருகிறேன். "குழந்தை வரைந்ததற்கு என்ன உரிமை மேடம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். முழு உரிமை. 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையை உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன்படி ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை கிடைக்க எங்கேயும் பதிய வேண்டாம். வரைந்தாலே, எழுதினாலே போதும். வரைந்தவருக்கு ஆறு வயதா அறுபது வயதா என்று அது கேட்பதில்லை. தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. படம் பிறக்கும்போதே உங்கள் பிள்ளைக்குச் சேர்ந்துவிடுகிற அந்தச் சொத்தைத்தான் ஒரு டிக் போட்டு நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள்.

நியாயமான விதி எப்படி இருக்கும்? உரிமை வரைந்தவரிடமே இருக்கும், போட்டியைப் பற்றிய அறிவிப்புகளிலும் கண்காட்சியிலும் பெயரோடு பயன்படுத்த மட்டும் அனுமதி கேட்போம், இத்தனை காலத்துக்கு. அவ்வளவுதான். "முழு உரிமையும்", "திரும்பப் பெற முடியாத", "என்றென்றைக்கும்", "வணிகப் பயன்பாட்டுக்கும்" என்ற சொற்களைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். விதிமுறை முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையா? "உரிமை" என்ற சொல்லை மட்டும் தேடி, அது வருகிற பத்தியைப் படியுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது.

அசலை அனுப்புவதற்கு முன் ஸ்கேன் எடுங்கள். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480-க்கு 3508 பிக்சல் வரும். பிற்பாடு அச்சுக்கும் அது போதும். பின்பக்கத்தில் தேதி எழுதுங்கள். அசல் திரும்பி வருமா என்று கேளுங்கள். வராது என்றால், போனாலும் பரவாயில்லை என்கிற படத்தை மட்டும் அனுப்புங்கள்.

பிள்ளை சீருடையில், கையில் படத்தோடு நிற்கிற போட்டோவைப் பொதுவில் போடாதீர்கள். பெயர், பள்ளி, வகுப்பு, முகம் எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது. செல்போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்பில் அதை அணைத்து வையுங்கள்.

நடிப்பு, மாடலிங் என்று வருகிறவர்களிடம் இன்னும் கறாராக இருங்கள். நேர்மையான முகவர் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். முதலிலேயே போட்டோ ஷூட்டுக்கும் பதிவுக்கும் பணம் கேட்பவரிடம் வேலை இருக்காது. தேர்வுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். "பெற்றோர் வெளியே இருங்கள்" என்றால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. இன்ஸ்டாகிராமில் ஒருவர் "உன் படம் பிரமாதம், என் போட்டோவை வரைந்து கொடு, காசோலை அனுப்புகிறேன்" என்பார். பேசியதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும். மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார். நீ அனுப்பிவிடுவாய். சில நாள் கழித்து அந்தக் காசோலை போலி என்று வங்கி சொல்லும். போனது உன் பணம். உன் படம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில் மயங்கியதற்காக வெட்கப்படாதே, வீட்டில் சொல். மறைத்தால் அடுத்த மாதமும் அவன் வருவான்.

வாய்ப்புகள் எங்கேதான் இருக்கின்றன என்று கேட்பீர்கள். சத்தமில்லாத இடங்களில் நிறைய. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரே சிலையின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைவது. நூலகத்தில் நடக்கும் கதை நேரத்தில் கதை சொல்ல முன்வருவது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது. எழுத, படம் போட, பிழை திருத்த, தேதி தவறாமல் முடிக்க எல்லாம் அதிலேயே பழகிவிடும். நாடகக் குழுவில் மேடையேறக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு விளக்கும் ஒலியும் இருக்கின்றன. கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் ஒளியமைப்புப் பலகையின் முன் உட்கார்ந்து, கடைசிக் காட்சியில் விளக்கை அணுஅணுவாகக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். அரங்கத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அவனுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. அடுத்த நாடகத்துக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டி அறிவிப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் நீங்கள் ஒரு தடவை விதிமுறையைப் படித்துவிடுங்கள். நீங்கள் போட்டால் பெற்றோர் அதைப் பள்ளியே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். காகம் வரைந்த பெண்ணுக்கும் அறிவிப்பு அப்படித்தான் வந்தது.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் உதவியோடு கடிதம் எழுதியிருக்கிறோம். உரிமை திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது. பெயராவது போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவள் கிளம்பும்போது தன் ஸ்கெட்ச்புக்கை என்னிடம் காட்டினாள். அதே ஜன்னல், அதே காகம், இப்போது வேறு கோணத்தில். ஆறு பக்கம் வரைந்திருக்கிறாள். இந்தத் தடவை பெயர் மூலையில் இல்லை. காகம் நிற்கிற கம்பியின் மேலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் எழுதியிருக்கிறாள்.