மிச்சக் கன்றை விற்கும் முன் வேரைக் கழுவிப் பாருங்கள்

கல்வாழை, ஹெலிகோனியா, ஜெர்பரா மாதிரியான செடிகள் இரண்டு மூன்று வருடத்தில் தொட்டியை அடைத்துக்கொள்ளும். குத்தைப் பிரித்து வைக்காவிட்டால் பூ சிறுத்துப்போகும்; பிரித்தால் கன்று மிஞ்சும். அந்த மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பரப்பி விற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வாங்குபவருக்குக் குறைந்த விலையில், சேலத்து வெயிலுக்குப் பழகிய செடி கிடைக்கிறது. செடிகளின் நோய், பூச்சிக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் விற்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கன்றைக் கொடுங்கள், உங்கள் தோட்டத்து மண்ணைக் கொடுக்காதீர்கள்.

“தாய்மண்ணோடு கொடுத்தால்தானே பிழைக்கும்?” என்று உடனே கேட்பார்கள். கல்வாழைக்கும் ஹெலிகோனியாவுக்கும் அது தேவையில்லை. சாப்பாடு கிழங்கிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று முளை உள்ள துண்டாக வெட்டி, இலையைப் பாதியாக நறுக்கிவிட்டு, மண்ணை முழுக்க அலசினாலும் தழைத்துவிடும்.

அலசும்போதுதான் உண்மை தெரியும். ஒரு வாளித் தண்ணீரில் குத்தை ஊறவைத்து, மண் கரைந்ததும் வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் ஒரே சீராக, வெளுப்பாக இருக்கும். நூற்புழு என்ற நுண்ணிய மண்வாழ் புழு தாக்கிய வேர் அங்கங்கே புடைத்து முடிச்சு முடிச்சாக இருக்கும். அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் அது நன்மை செய்வது, நகத்தால் நெம்பினால் தனியாக வந்துவிடும். நூற்புழு முடிச்சு வராது, வேரே வீங்கியிருக்கிறது. புழு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும், வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். வாங்கியவர் வீட்டுத் தக்காளியும் கத்தரியும் காரணம் தெரியாமல் குன்றிப்போகும்.

மண்ணில் வேறொன்றும் ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் தொட்டி மண்ணைக் கிளறினால் பெரிய ஜவ்வரிசி மாதிரி, லேசான மஞ்சள் நிறத்தில் கொத்தாகக் கிடந்தால், அது ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் முட்டையாக இருக்கலாம். ஒரு ஈட்டில் 100க்கு மேலும் இடும்.

ஏற்காட்டுக்காரர்கள் வாங்க வரும்போது எனக்குக் கவலை இன்னும் கூடும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போகிற கன்று, அங்கே அராபிகா காபிக்கும் மிளகுக்கும் பக்கத்தில்தான் இறங்கும். துளைக்கும் நூற்புழு என்று ஒரு வகை. வாழை, ஹெலிகோனியா, அந்தூரியம் வேரில் வாழும். அதேதான் மிளகுக் கொடியையும் மஞ்சளாக்கி மெல்லச் சாகடிக்கும். மிளகின் வாடல் நோய்க்கிருமியும் மண்ணோடும் ஓடும் நீரோடும் பரவுகிறது. அழகுக்கு வாங்கிய ஒரு தொட்டியால் ஒருவரின் பிழைப்பு கெடக்கூடாது.

நடவுப் பொருளோடு பூச்சி பயணம் போவதை நம் மாவட்டம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020இல் கேரளாவில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி (குச்சிக்கிழங்கு) மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் வந்து குச்சிக்கிழங்கு விவசாயிகளை எவ்வளவு படுத்தியது! விதைக்குச்சியோடும் அது பரவும். அதை அடக்க வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட வேண்டியிருந்தது.

கல்வாழை இலையில் மஞ்சள் கீற்று தெரிந்தால் “புது ரகம்” என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வரிவரியாகச் சீராக இருந்தால் ரகம்தான். விட்டுவிட்டு, திட்டுத்திட்டாக, ஓரம் கருகி இருந்தால் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் குத்திலிருந்து பிரித்த எல்லாக் கன்றுக்கும் அதே நோய்தான். வெட்டும் கத்தியிலும் தொற்று ஒட்டிக்கொண்டு போகலாம். ஒரு குத்து முடிந்ததும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள்.

டேலியாவில் தனிக் கவனம் வேண்டும். கிழங்கு கொழுகொழுவென்று இருந்தால் மட்டும் போதாது, தண்டோடு சேர்ந்த கழுத்தில் முளைவிடும் கண் ஒன்று இருக்க வேண்டும். கண் இல்லாத கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். அதை விற்பது ஏமாற்றுவதுதான்.

சரி, எப்போது பிரிப்பது? விற்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே பிரித்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து கவரில் நட்டு நிழலில் வையுங்கள். கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் நல்லது. புது இலை விட்ட கன்றை மட்டும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். வெடேலியா மாதிரி படர்ந்து எதையும் வளரவிடாத செடியை விற்கவே வேண்டாம். சேர்வராயன் சரிவுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான்.

முடிச்சு விழுந்த குத்தை உரக்குழியில் போடாதீர்கள், ஓடையிலும் வீசாதீர்கள். மொட்டை மாடியில் பாலித்தீன் விரிப்பில் பரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு எரித்துவிடுங்கள். அது இருந்த இடத்தில் அடுத்த பருவத்துக்குச் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டால் நூற்புழு குறையும்.