முதலை இல்லாத அகழி எப்படிக் கோட்டையைக் காத்தது?

“அகழியில் முதலை இல்லையென்றால் நீந்தியோ படகிலோ கடந்துவிடலாமே, பிறகு எதற்கு அவ்வளவு செலவு செய்து வெட்டினார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஐரோப்பியக் குளிரில் முதலை பிழைக்காது. அது கதைகளில் மட்டுமே உண்டு. ஏணியும் மரக்கோபுரமும் மதிலை ஒட்டி வராமல் அகழி தடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய வேலையை அது தரைக்கு அடியில் செய்கிறது.

ஐரோப்பாவில் பீரங்கி வருவதற்கு முன்பு, கல்மதிலைச் சாய்க்க உறுதியான வழி அடியில் குடைவதுதான். மறைவான இடத்தில் சுரங்கத்தைத் தொடங்கி அஸ்திவாரம் வரை போவார்கள். அதன் அடியில் இருக்கும் கல்லையும் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். ஒரு கட்டத்தில் மதிலின் முழு எடையும் மரத்தின் மேல் நிற்கும். பிறகு சுள்ளியை அடைத்துத் தீ வைத்தால் முட்டு எரியும், மதில் தன் எடையாலேயே சரியும். 1215-இல் இங்கிலாந்தின் ராசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான் மன்னர், தீயை வளர்க்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி ஆணையிட்டார். கோட்டையின் ஒரு மூலை இடிந்தது. பிற்பாடு அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்றும் சதுரமாகவே நிற்கின்றன.

இப்போது அதே சுரங்கத்தை அகழிக்கு அடியில் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீரின் ஆழம் 3 மீட்டர், சுரங்கத்தின் கூரை அதற்கும் 2 மீட்டர் கீழே. சுற்றியுள்ள மண்ணின் துளைகள் எல்லாம் நீரால் நிரம்பியிருக்கும். 5 மீட்டர் உயர நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன். சுரங்கத்தின் உள்ளே இருப்பதோ வெறும் காற்று. நீர் உள்ளே வரத்தான் பார்க்கும். முதலில் சுவர் வியர்க்கும், பிறகு ஊறும். ஊறும் நீர் மணலின் நுண்துகள்களை அரித்துக்கொண்டு வரும். துகள் போன இடத்தில் வழி அகலமாகும், அகலமானதால் ஓட்டம் வேகமாகும், வேகம் கூடியதால் அரிப்பும் கூடும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் கூரை இறங்கும் வரை நிற்காது. களிமண்ணாக இருந்தால் அரிப்பு குறைவு. ஆனால் ஊறிய களிமண் இளகி, முட்டுமரம் புதையும். அன்றைக்கு அந்த நீரை இறைக்க வாளிகளைத்தான் நம்ப வேண்டும். இறைத்தே தீர்த்தாலும், ஈரமான குழியில் முட்டுமரத்தை எரிப்பது எப்படி? காவலாள் தூங்கினாலும் நீரின் அழுத்தம் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்வது.

ராசெஸ்டரைக் குடைந்த அதே ஜான், வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டைக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் செலவிட்டு வெளிமதில் எழுப்பினார். கோட்டை 1120-களில் தொடங்கியது. செம்மணற்கல்லால் ஆன நடுக்கோபுரத்தின் சுவர் அடிப்பகுதியில் சுமார் 5 மீட்டர் தடிமன். ஓடைகளை மறித்துத் தேக்கிய நீர் அகழி போலத் தெற்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய 100 ஏக்கருக்கு விரிந்து கிடந்தது. சுமார் 150 மீட்டர் நீளமுள்ள அணைக்கரையே கோட்டைக்குள் போகும் பாதையும்கூட.

நம் ஊர் ஏரிக்கரைக்கு உள்ள ஆபத்துகள்தான் இதற்கும். உபரிநீர் வெளியேற வழி போதாமல் கரைக்கு மேல் வழிந்தால், வெளிச்சரிவு அரித்து உடைப்பெடுக்கும். கரைக்குள் கசிவு ஓடினால் உள்ளிருந்தே உளுத்துப்போகும். இங்கே எதிரி கரையை வெட்டிவிடும் ஆபத்து வேறு. அதனால்தான் கரையின் இரு முனைகளிலும் கோபுரம் எழுப்பி, வெளிமுனைக்கு அப்பால் மண்மேட்டு அரணும் அமைத்தார்கள்.

1266-இல் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. மன்னரை எதிர்த்துக் கிளர்ந்து, முந்தைய ஆண்டு ஈவ்ஷாம் போரில் இறந்த சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபுவின் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். மன்னர் மூன்றாம் ஹென்றியின் படை ஜூனில் சூழ்ந்தது. கல்லெறி பொறிகளும் மரக்கோபுரங்களும் வந்தன. நீர்வழியாகத் தாக்க செஸ்டர் நகரிலிருந்து படகுகள் கொண்டுவந்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. டிசம்பரில் பசியும் நோயும்தான் கதவைத் திறக்கவைத்தன. மதில் விழவில்லை.

பீரங்கி வந்த பிறகு நீரின் மதிப்பு குறைந்தது. 1575-இல் அப்போது கோட்டைக்கு உரியவரான ராபர்ட் டட்லி, முதலாம் எலிசபெத் அரசியை 19 நாள் உபசரித்தபோது அந்த ஏரி கேளிக்கை மேடையாகவே பயன்பட்டது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1649-50-இல், கோட்டை இனி யாருக்கும் அரணாகக் கூடாது என்று நாடாளுமன்றத் தரப்பினர் நடுக்கோபுரத்தின் வடக்குச் சுவரைத் தகர்த்தார்கள். அணைக்கரையை உடைத்து நீரை வடித்தார்கள். எங்கே கைவைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏரி இருந்த இடம் இன்று புல்வெளி.

அகழியை வடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. நீர்மட்டம் இறங்கினால் களிமண் சுருங்கும், மேலே உள்ள சுவர் சீராக இல்லாமல் அங்கங்கே அமிழ்ந்து சாய்வாக விரிசல் விடும். நீருக்குள் நூற்றாண்டுகள் கெடாமல் இருந்த மரக்கட்டை அஸ்திவாரம், காற்றுப் பட்டதும் பூஞ்சை பிடித்து மட்கும். பழைய கோட்டைகளைப் பராமரிக்கும் பணத்தில் பெரும்பகுதி சுவருக்குச் சாந்து பூசுவதற்கே போகக் கூடாது என்பது என் கருத்து. மதிலைச் சுற்றி நாலைந்து இடத்தில் துளையிட்டு, நிலத்தடி நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்துவந்தால், எந்தப் பக்கம் அமிழப்போகிறது என்பது விரிசல் கண்ணில் படும் முன்பே ஊகிக்க முடியும். அதற்கு ஆகும் செலவு சாந்துச் செலவில் சிறு பங்குதான்.