ஃபீடரின் நடுவில் ஜெனரேட்டர்: ரிலே ஏன் தாமதிக்கிறது?

துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கிலோவோல்ட் மின்வழியான ஃபீடரின் நடுவே ஒரு ஆலையின் ஜெனரேட்டரை இணைத்தால் ஃபீடருக்குப் பலம்தானே கூடும், பாதுகாப்பு எப்படிக் குறையும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடை ஓமின் விதிக்குள்ளேயே இருக்கிறது.

மரக்கிளை விழுந்து கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் (இதைத்தான் பழுது என்கிறோம்) மின்னோட்டம் எகிறும்; நிலையத்திலுள்ள ரிலே என்ற காவல் கருவி அதை அளந்து, பிரேக்கர் என்ற சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மின்னோட்டம் கூடக் கூடத் திறக்கும் நேரம் குறையும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலையத்திலிருந்து ஃபீடரின் நடுப்புள்ளி வரை 2 ஓம், அங்கிருந்து பழுது வரை 2 ஓம் என்று கொண்டால், 6350 வோல்ட் ஃபேஸ் அழுத்தத்தில் (11 கிலோவோல்ட் என்பது இரு கம்பிகளுக்கு இடையேயான அழுத்தம்; இது ஒரு கம்பிக்கு உரியது) சுமார் 1600 ஆம்பியர் பாயும். நடுப்புள்ளியில் சுமார் 3200 வோல்ட் இருக்கும். 400 ஆம்பியரைத் தாண்டினால் இயங்கும்படி அமைத்த ரிலே அரை விநாடியில் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த நடுப்புள்ளியில் 6 எம்.வி.ஏ. (மெகாவோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள ஜெனரேட்டர் ஒன்று சேர்ந்து, பழுதுக்குத் தன் பங்காக 800 ஆம்பியரைக் கொடுக்கிறது. பின்பாதிக் கம்பியில் மின்னோட்டம் கூடுவதால் நடுப்புள்ளியின் அழுத்தம் சுமார் 4000 வோல்ட்டுக்கு உயர்கிறது. நிலையத்துக்கும் நடுப்புள்ளிக்கும் இடையேயான அழுத்த வேறுபாடு சுருங்க, நிலையத்தின் பங்கு 1200 ஆம்பியராகக் குறைந்துவிடுகிறது. பழுதில் பாய்வதோ 2000 ஆம்பியர். பழுது பெரிதாகியிருக்கிறது, ரிலேயின் கண்ணுக்கு அது சிறிதாகத் தெரிகிறது! எனக்கு மிகவும் பிடித்த முரண் இது. திறக்கும் நேரம் 0.63 விநாடியாக நீள்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியோடு நேரத்தையும் பெருக்கிய அளவு என்பதால், பின்பாதிக் கம்பி ஏறக்குறைய இரு மடங்கு சூடாகிறது. பழுது ஃபீடரின் கடைக்கோடியில் நேர்ந்து, நிலையத்தின் பங்கு 400 ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிட்டால் ரிலே அசையவே அசையாது.

கூரைச் சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர்கள் பழுதின்போதும் வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தருவதால், அங்கே இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

தகடுகளுக்கு மானியம் அறிவிக்க மேடை போடுகிறோம். ரிலே அமைப்புகளைத் திரும்பக் கணக்கிடும் பொறியாளருக்குப் பணம் ஒதுக்க யாரும் மேடை போடுவதில்லை. இத்தனைக்கும் தீர்வு கடினமன்று. ஜெனரேட்டர் ஓடும்போது ஒன்று, நிற்கும்போது மற்றொன்று என இரண்டு அமைப்புகளை இன்றைய எண்முறை ரிலேயில் பதிந்து வைக்கலாம். ஆனால், ஜெனரேட்டர் ஓடுகிறதா என்ற செய்தி நிலையத்துக்கு வந்து சேரத் தொடர்பு வழி வேண்டும். அது அறுந்த வேளையில் இரண்டில் எதை ரிலே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும்.