வகுபடுமா, வகுக்கக்கூடியதா?

"கீழ்க்கண்டவற்றுள் 12ஆல் வகுக்கக்கூடிய எண் எது?" போட்டித் தேர்வுக் கையேடுகளில் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். எல்லா எண்ணும் என்பதே இதற்குச் சரியான விடை! 20ஐ 12ஆல் வகுத்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஈவு 1, மீதி 8. கேட்டவர் மனத்தில் இருப்பதோ மீதி 0 வரும் எண். அதற்கு 'வகுபடும்' என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

வகு என்றால் கூறிடு, பங்கிடு. குறளில் அரசனுக்குச் சொன்ன 'காத்த வகுத்தலும்' இந்தப் பங்கீடுதான். வகை, வகுப்பு எல்லாம் இதன் உறவு. 'படு' சேர வகுபடு.

என் சண்டை 'கூடிய'வோடுதான். அது வகுப்பவரால் முடியுமா என்பதைச் சொல்கிறது. எண்ணின் குணத்தைச் சொல்வதில்லை. 'படு' எண்ணின் பக்கம் நிற்கும். எதிர்மறையில் வைத்துப் பாருங்கள். "7, 3ஆல் வகுபடாது" என்பது மெய். "7ஐ 3ஆல் வகுக்க முடியாது" என்பது பச்சைப் பொய். வகுக்கவே முடியாதது 0ஆல் மட்டும்தான். சிலர் 'முழுமையாக வகுக்கக்கூடிய' என்று ஒட்டுப்போடுகிறார்கள். 7ஐ 2ஆல் வகுத்தால் 3.5, கணக்கு முழுமையாகத்தானே முடிந்தது? 'மீதியின்றி வகுபடும்' என்பதில் மட்டும் எனக்குத் தகராறு இல்லை. கூறியது கூறல், அவ்வளவே.

நம் சொல்லிலும் ஓர் இடறல் உண்டு. 'வகுபடும் எண் = வகுத்தி × ஈவு + மீதி' என்று அதே பாடநூல் எழுதுகிறது; அங்கே மீதி வரலாம். குழம்ப வேண்டாம், 'ஆல்' இருக்கிறதா என்று பாருங்கள். '12ஆல் வகுபடும் எண்' என்றால் மீதி இல்லை. வெறும் 'வகுபடும் எண்' என்றால் பங்குபோட எடுத்துக்கொண்ட எண்.

அந்த 'ஆல்' உருபையும் இப்போது விரட்டுகிறார்கள். '4 மற்றும் 6 மூலம் வகுக்கக்கூடிய எண்ணாகும்' என்று மொழிபெயர்ப்பவர்கள் தமிழில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தானா? குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவு. ஒரு நிமிடம்கூட வீணாக்க முடியாத இடம். '4ஆலும் 6ஆலும் வகுபடும்' என்றால் இரண்டும் தனித்தனியே பொருந்த வேண்டும் என்று உம்மையே சொல்லிவிடும். 'மற்றும்' போட்டால் இரண்டையும் பெருக்கி 24ஆல் வகுபடும் என்று குறிப்பவர்கள் கூடுவார்கள். 36, 4ஆலும் வகுபடும், 6ஆலும் வகுபடும், 24ஆல் வகுபடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டின் மீச்சிறு பொது மடங்கான (மீ.சி.ம.) 12ஆல் வகுபடும் என்பது வரைதான்.