மோஷன் கன்ட்ரோலர்: அசைவை ஆள்வதும் அசைவைக் கேட்பதும்

பெங்களூரில் 'மோஷன் கன்ட்ரோலர்' என்று சொன்னால், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். பீன்யா தொழிற்பேட்டையில் கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி எந்திரத்தோடு வேலை செய்பவருக்கு அது மின்பெட்டிக்குள் இருக்கும் சாதனம். சர்வோ மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளையிடுவது அதுதான். டிவிக்கு முன்னால் நின்று காற்றில் குத்துவிடும் பையனுக்கோ அது கையில் பிடிக்கும் சின்னக் கருவி. அவன் கை போகிற போக்கை உணர்ந்து, திரையில் இருக்கும் வீரனும் குத்தும்படி செய்வது. அல்சூரில் என் அக்கா வீட்டில் அப்பாவும் மகனும் இந்தச் சொல்லை இந்த இரண்டு பொருளிலும் தினமும் புழங்குகிறார்கள்.

முதலாவது அசைவை ஆள்கிறது. இரண்டாவது அசைவு சொல்வதைக் கேட்டு நடக்கிறது. ஆங்கிலம் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எது எதை ஆள்கிறது என்பதைப் படிப்பவரிடமே விட்டுவிடுகிறது. தமிழில் அப்படி விட முடியாது, விடவும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்த விளக்கம்.

முதலில் 'கன்ட்ரோலர்'. இதன் வேர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் 'கோன்ட்ராரோட்டுலுஸ்' என்றால் எதிர்ச்சுருள். அதாவது, மூலக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் இன்னொரு படி. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் 'கன்ட்ரோலர்' ஆனார். நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை ஆங்கிலத்தில் இன்றும் 'கம்ப்ட்ரோலர்' என்பதில் அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. கட்டுப்படுத்துவது, அடக்கி ஆள்வது என்ற பொருளெல்லாம் பிறகு சேர்ந்ததுதான். 'மோஷன்' என்பது நகர்த்துவதைக் குறிக்கும் 'மொவேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மோட்டார், மொபைல் எல்லாம் அதே குடும்பம்.

சண்டை வீடியோ விளையாட்டுக்கு அசைவைக் கேட்கும் இந்தக் கருவி எப்படி வந்தது என்பது நீண்ட கதை. பொத்தானை அழுத்தாமல் நிஜமாகவே அடிக்க வேண்டும் என்ற ஆசை அந்த வகை விளையாட்டுகளின் தொடக்கத்திலேயே இருந்தது. 1987-இல் வந்த முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டின் ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் பெட்டி) ஒன்றில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். கை வலித்ததுதான் மிச்சம். அதற்குப் பதில் வந்த ஆறு பொத்தான் அமைப்பு இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1993-இல் சேகா நிறுவனம் 'ஆக்டிவேட்டர்' என்ற எண்கோண வளையத்தை விற்றது. அதைத் தரையில் வைத்து நடுவில் நின்றுகொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அகச்சிவப்புக் கதிர் மேலே போகும். கையோ காலோ கதிரின் குறுக்கே வந்தால் ஒரு பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. சண்டை விளையாட்டை மனத்தில் வைத்துத்தான் அதை விளம்பரம் செய்தார்கள். ஆனால் அது எடுபடவில்லை. எந்தக் கதிர் எங்கே மறிகிறது என்பதுதான் அந்த வளையத்துக்குத் தெரியும். வந்தது குத்தா, சும்மா நீட்டிய கையா என்று தெரியாது.

2006-இல் நின்டென்டோவின் 'வீ' என்ற விளையாட்டுப் பெட்டி வந்த பிறகுதான் 'மோஷன் கன்ட்ரோலர்' என்ற பெயர் வீடுகளுக்குள் புகுந்தது. அதோடு பல நாடுகளில் சேர்த்தே கொடுத்த 'வீ ஸ்போர்ட்ஸ்' விளையாட்டில் குத்துச்சண்டையும் உண்டு. வலக்கையில் ரிமோட், இடக்கையில் அதோடு கம்பியால் இணைத்த நன்சக் என்ற துணைப்பிடி, இரண்டையும் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும். 2010-இல் சோனியின் 'மூவ்', மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்', 2017-இல் நின்டென்டோவின் அடுத்த விளையாட்டுப் பெட்டியான ஸ்விட்சின் 'ஜாய்-கான்' கைப்பிடிகள் என்று அடுத்தடுத்து வந்தன.

இவற்றில் கையில் பிடிப்பவற்றுக்குள் இருப்பது என்ன? முக்கியமானது, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி. நகத்தைவிடச் சின்னதான சிலிக்கான் சில்லுக்குள் ஒரு நுண்ணிய எடை, மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கை சட்டென்று முன்னால் போனால் அந்த எடை கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கிய அளவு மின்தேக்குத்திறன் மாற்றமாகப் பதிவாகும். முதல் வீ ரிமோட்டில் கை வீச்சை அளந்தது இது மட்டும்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புவியீர்ப்பும் முடுக்கமானிக்கு ஒரு முடுக்கம்தான். கையைச் சாய்த்தோமா, தள்ளினோமா என்பதை அதனால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 2009-இல் 'மோஷன்பிளஸ்' என்ற துணைக்கருவி வந்தது. திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப் அதற்குள் இருந்தது. ஜாய்-கானில் இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன.

ஸ்விட்சில் 'ஆர்ம்ஸ்' என்று ஒரு சண்டை விளையாட்டு உண்டு. கட்டைவிரல் மேலே இருக்கும்படி இரு கையிலும் ஜாய்-கானைப் பிடித்துக் குத்தினால், வீரனின் கை ஸ்பிரிங் மாதிரி நீண்டு போகும். குத்து பறந்துகொண்டிருக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பினால் அது வளையும். இரண்டையும் உள்பக்கம் சாய்த்தால் தடுப்பு. அக்கா வீட்டில் மாமா முதல்முறை இதை விளையாடியபோது, தோளிலிருந்து முழு வீச்சில் நேராகவே குத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, இவ்ளோ ஓங்கிக் குத்தாதீங்க. சின்னதா தள்ளிட்டு, மணிக்கட்ட மட்டும் திருப்புங்க. அவன் ஒதுங்குற பக்கமே போவும்" என்றான் பையன்.

மாமா நின்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "எங்க மெஷின்ல ஸ்லைடு எங்க நிக்குதுன்னு என்கோடர் திருப்பிச் சொல்லிட்டே இருக்கும். இதுல என் கை எங்க இருக்குன்னு யாருடா சொல்றது?"

சரியான கேள்வி. யாரும் சொல்வதில்லை. முடுக்கமானிக்குத் தெரிவது மாற்றம் மட்டுமே, இடம் தெரியாது. முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி இடத்தைக் கணக்கிடலாம்தான். ஆனால் சின்னப் பிழைகளும் அதோடு சேர்ந்து கூடிக்கொண்டே போய், சில நொடிகளுக்குள் கை வேறெங்கோ இருப்பதாகக் காட்டும். 'மூவ்' கருவியின் தலையில் ஒளிரும் பந்தை வைத்து, அதைக் கேமராவால் பார்க்க வைத்தது இதற்காகத்தான். கேமரா இல்லாத கருவி கையின் இடத்தைப் பின்தொடர்வதில்லை. இந்த வகை அசைவு நடந்தது என்று ஊகிக்கிறது. பையன் சொன்ன சின்னத் தள்ளலே போதும் என்பதும் இதனால்தான். பலம் தேவையில்லை, அசைவின் வடிவம் தெளிவாக இருந்தால் சரி.

சண்டை விளையாட்டில் ஊறியவர்கள் இந்தக் கருவியைப் போட்டிக்குக் கொண்டுபோகத் தயங்குவதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்ற வேகத்தில் ஓடுகின்றன. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'-இல் மிக வேகமான சாதாரண அடி, பொத்தானைத் தொட்ட நான்காம் பிரேமில் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ 67 மில்லிசெகண்ட். நிஜக் கையை மார்பிலிருந்து முழுசாக நீட்டவே அதைவிட நேரம் ஆகும். அசைவில் கொஞ்சமாவது நடந்து முடிந்தால்தான் அது குத்து என்று கருவி தீர்மானிக்கவும் முடியும். விரலோடு பந்தயம் வைத்தால் கை தோற்கும். 'ஆர்ம்ஸ்' மெதுவாக நீளும் குத்துகளை வைத்துக்கொண்டது நல்ல முடிவு. கருவிக்கு ஏற்றபடி சண்டையை அமைத்திருக்கிறார்கள். பொத்தானுக்காகச் செய்த சண்டையின் மேல் கருவியைத் திணிக்கவில்லை.

இந்த இடத்தில் 'மோஷன்' மூன்றாவதாக ஒரு பொருளையும் எடுக்கிறது. சண்டை விளையாட்டு ஆடுபவர்கள் 'மோஷன் இன்புட்' என்றால் கை வீசுவதைச் சொல்வதில்லை. திசை காட்டும் ஸ்டிக்கைக் கீழே, கீழ்-முன், முன் என்று கால்வட்டமாகத் தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்துவது போன்ற வரிசையைச் சொல்கிறார்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீரன் ரியூவின் கையிலிருந்து 'ஹடோக்கன்' தீப்பந்து கிளம்புவது அதனால்தான். கணினி விசைப்பலகையின் எண்தளத்தில் எண்கள் இருக்கும் இடங்களை வைத்து இதை 236 என்று எழுதுவதும் உண்டு. மோஷன் இன்புட்டுக்கு மோஷன் கன்ட்ரோலர் தேவையே இல்லை. புதிதாக வருபவர்கள் குழம்புவது நியாயம்தான்.

இதற்குத் தமிழில் வழி கஷ்டமில்லை. சிலம்பத்தில் அடிவரிசை என்கிறோம், வெறுங்கைச் சண்டையில் குத்துவரிசை என்கிறோம். ஸ்டிக்கில் திசைகளை முறையாக அடுக்குவதைத் திசைவரிசை என்றால் கேட்டவுடன் புரியும். கால்வட்டம், அரைவட்டம், முழுவட்டம் என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

மோஷன் கன்ட்ரோலருக்கு 'இயக்கக் கட்டுப்படுத்தி' என்று சொல்வார்கள். பீன்யாவின் பெட்டிக்கு அது மிகப் பொருத்தம். இயற்பியல் பாடத்தில் 'மோஷன்' இயக்கம்தான், நியூட்டனின் இயக்க விதிகள் என்றுதானே படித்தோம். அதைக் கட்டுப்படுத்துவது இயக்கக் கட்டுப்படுத்தி. விளையாட்டுக் கருவிக்கு மட்டும் இது தலைகீழாகிவிடும். பையனின் கையை எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. தவிர, இயக்கம் என்ற சொல் அரசியல் இயக்கம், திரைப்பட இயக்கம் என ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. 'சலனம்' மனத்தின் பக்கம் போய்விட்டது. 'நகர்வு' ஒன்று இடம் மாறுவதைச் சொல்கிறது. முடுக்கமானிக்கு இடமே தெரியாது என்று பார்த்தோம்.

'அசைவு' இருக்கிறது. பழைய தமிழில் அதற்குத் தளர்ச்சி என்றும் பொருள் உண்டு. குறளில் வரும் 'அசைவிலா ஊக்கம்' தளராத ஊக்கம். இன்றைய வழக்கில் கை அசைவு, தலை அசைவு, கண் அசைவு என்று உடம்போடு ஒட்டியே வருகிறது. அசைவு சின்னதாகவும் இருக்கலாம், நின்ற இடத்திலேயும் நடக்கலாம். மணிக்கட்டைத் திருப்புவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, அசைவுணர் கைப்பிடி. 'அசைவுணர்' என்பது அசைவை உணர் என்று விரியும்; 'உணர் கைப்பிடி' வினைத்தொகை, எக்காலத்துக்கும் பொருந்தும். உணர்வது கருவி, அசைவது நாம் என்பது சொல்லிலேயே தெளிவாகிறது. எழுத்தில் இதையே பயன்படுத்தலாம். பேச்சில் நீளமாகப் பட்டால் 'அசைவுப்பிடி' போதும். கினெக்டைப் பொறுத்தவரை அதைப் பிடிப்பதே இல்லை, டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் நிற்கிறோம். அதற்கு அசைவுணர் கேமரா என்று சொல்லிக்கொள்ளலாம்.